கிராணி கிரிகரி குட்டி பார்க்கப் போனது

பெரிய கிராணி கிரிகரி எதையும் நம்ப மாட்டார். பால்கார பாய் ஊற்றும் பாலில் ஒரு துளி எடுத்து நகத்தின் மேல் விட்டு, நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பார். பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதே மீனைப் புரட்டி மறுபக்கத்துச் செவுளையும் தூக்குவார். ஒரு பக்கத்துக்கு மட்டும் சாயம் பூசியிருக்கலாம் அல்லவா? ரயில்வே சரக்கு ஆபீசில் உடைந்து வந்த பெட்டியையும் நனைந்து வந்த மூட்டையையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற குமாஸ்தா உத்தியோகம் அவருக்கு. விற்கிறவன் ஏமாற்றுவான், வாங்குகிறவன் ஏமாறுவான் என்பது அவருடைய வேதம். கத்தோலிக்க வேதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்.

அப்படிப்பட்டவரும் அந்த வருஷம் ஒரு விஷயத்தில் விற்கிறவன் பக்கம் நிற்க வேண்டி வந்தது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அவருக்கு ஓர் ஓரத்து வீடு. மனைவி வெரோனிகா. ஒரே பெண் சூசன், கான்வென்ட்டில் படித்து முடித்தவள். ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இரண்டாம் கிராணியாக இருந்த ஜெயராஜ் என்பவனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். பேச்சு கனிந்து வரும் நேரத்தில் சூசனுக்கு அம்மை போட்டது. பெரியம்மை. சுகாதார இலாகா லோரி வந்து, ஊருக்கு வெளியே இருந்த தனிக் கொட்டகைக்கு அவளை ஏற்றிப் போயிற்று. வரிசையில் அத்தனை வீட்டு ஜன்னலும் சாத்திக்கொண்டன. ஜன்னல் இடுக்கு மட்டும் சாத்தவில்லை.

பிழைத்து வந்தாள். முகத்தில்தான் மழை விட்டுப்போன மணல் மாதிரி குழிகள்.

ரவாங்கிலிருந்து பெண்ணின் படம் கேட்டிருந்தார்கள். கிரிகரி, மாதா சபையில் சேர்ந்தபோது சூசனை எடுத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி அனுப்பி வைத்தார். வெள்ளை உடுப்பு, நீல நாடா, சந்தனக் கிண்ணம் போல மழமழவென்று கன்னம். எடுத்தது போன வருஷம். அம்மையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

"எழுதிடுங்களேன்" என்றாள் வெரோனிகா.

"அவன் கேட்டானா? படம் கேட்டான், படம் போச்சு."

"நாளைக்கு நேர்ல வந்து பாப்பாங்கள்ல?"

"நிச்சயம் ஆனப்புறம் பாக்கட்டும். இப்பவே சொன்னா நகைய ரெட்டிப்பாக் கேப்பான். நோய் பட்ட சரக்குன்னு விலையக் கொறைக்கத்தான் பாப்பான்."

மகள் அடுப்படியில் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான் உண்டு என்பதும் தெரியும். ஆனாலும் சரக்கு ஆபீசில் பேசுகிற குரலிலேயே பேசினார். அன்றிலிருந்து சூசன் அப்பாவுக்குத் தட்டு வைத்தாள், காப்பி வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. 'ஆமா', 'இல்ல', 'சரிப்பா'. அவ்வளவுதான். பெண்ணுக்குப் பலவீனம் இன்னும் போகவில்லை என்று ஆபீசில் சொல்லிக்கொண்டார் கிரிகரி.

நாய் விஷயம் எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் ஆரோக்கியநாதர்.

சூசன் கொட்டகையில் கிடந்தபோது வெரோனிகா ஆரோக்கியநாதர் படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்து நேர்ந்துகொண்டாள். கொள்ளை நோய்க்குப் பாதுகாவலான புனிதர் அவர். படத்தில், தொடைப் புண்ணைத் திறந்து காட்டியபடி நிற்பார். பக்கத்தில் ஒரு நாய் வாயில் ரொட்டியுடன் அண்ணாந்து பார்க்கும். 'என் பிள்ளை பிழைச்சா வீட்டுல ஒரு நாய் வெச்சு, அது ஆயுசுக்கும் சோறு போடுறேன்' என்பது வேண்டுதல். பிழைத்துவிட்டாள். நாய் வேண்டும்.

"கோடவுன் பக்கம் ஒரு நாய் குட்டி போட்டிருக்கு. ஒண்ணத் தூக்கிட்டு வந்தா ஆச்சு" என்றாள் வெரோனிகா.

கிரிகரி படத்தை ஆணியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, சரக்குச் சீட்டு படிக்கிற பூதக்கண்ணாடியால் நாயைப் பார்த்தார்.

"இது என்ன ஜாதின்னு பாத்தியா?"

"நாய் ஜாதி."

"வெள்ளக்கார ஜாதி. வெள்ள ஒடம்பு, காதுல கபில மச்சம். ஆரோக்கியநாதர் யாரு? பிரான்சு தேசத்துப் பிரபு வீட்டுப் பிள்ளை. அவருக்கு நேர்ந்துகிட்டு, கோடவுன்ல எலி தின்னுட்டுத் திரியற நாயக் கொண்டாந்து நிறுத்துவியா?"

"பிரபு வீட்டுப் பிள்ளை காட்டுல புண்ணோட கெடந்தப்பத்தாங்க அந்த நாய் வந்திச்சு. என்ன ஜாதின்னு கேட்டுட்டா அவரு ரொட்டியத் தின்னாரு?"

"பேச்சுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல" என்று கிரிகரி படத்தை மாட்டினார். வெள்ளைக்கார நாய் என்பது முடிவாகிவிட்டது. வேண்டுதலுக்கு வேண்டுதல். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் கூட அப்படி ஒன்று இல்லை என்பது தனி.

கிள்ளானில் நாகையா என்று ஒருவன் வெள்ளைக்கார நாய்க்குட்டி விற்கிறான் என்று தெரிந்தது. ஒரு தோட்டத்துத் துரையிடம் நாய் பார்க்கிற வேலையில் இருந்தவன். ரப்பர் விலை விழுந்த வீழ்ச்சியில் துரை கப்பல் ஏறினார். நாய்கள் மட்டும் கப்பல் ஏறவில்லை. அவற்றை வைத்துக்கொண்டு நாகையா தொழில் நடத்தினான். தொழிலும் நன்றாகவே நடந்தது. துரைகள் குறையக் குறைய, துரை மாதிரி இருக்க ஆசைப்படுகிறவர்கள் கூடிக்கொண்டுதானே போனார்கள்.

"அங்க போகாதீங்க அண்ணே" என்றார் சரக்கு ரயில் கார்டு கன்னையா, கிள்ளான் பாதையில் ஓடுகிறவர். "மழக் காலத்துல அவன் நாய்க்கெல்லாம் சீக்கு. கண்ணுல பீளை, மூக்குல சளி, இழுத்துக்கிட்டுச் சாகுது. ஆளுங்ககிட்ட ஒண்ணுமே நடக்காத மாதிரி விக்கிறானாம்."

வேறு ஒருவராக இருந்தால் போகாமல் இருந்திருப்பார். கிரிகரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஏமாற்றுகிறவன் ஒருவன் கிள்ளானில் உட்கார்ந்திருக்கிறான், அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க ரயில்வே பாஸும் இருக்கிறது.

"எங்கிட்ட நடக்காது. நான் பாக்காத டேமேஜா?"

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். சூசனும் வந்தாள். அவள் வரவேண்டாம் என்றுதான் கிரிகரி நினைத்தார், ஊர் பார்க்குமே. "நேர்ந்துகிட்டது அவளுக்காக. அவ வராம எப்படி?" என்று வெரோனிகா தூக்குச்சட்டியில் சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டினாள். நோய்க்குப் பிறகு சூசன் ரயில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் வகுப்புப் பெட்டியில் எதிரே ஓர் அம்மாள் பட்டுச்சேலையும் விசிறியுமாக உட்கார்ந்திருந்தாள். சூசன் முகத்தைப் பார்த்தாள். விசிறி நின்றது. பெத்தாலிங் தாண்டுவதற்குள், காற்று வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து கோடிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அங்கே ஜன்னல் திறக்காது. கிரிகரி செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். சூசன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பத்து தீகா வந்தது, பாடாங் ஜாவா வந்தது. மழை ரப்பர் மரங்களுக்கு மேல் இறங்கி, கூடவே ஓடி வந்தது.

கிள்ளானில் இறங்கி மேரு போகும் பாதையில் ரிக்‌ஷா பிடித்தார்கள். மழை விட்டிருந்தது. ஒரு மலாய்க் கிராமத்தின் ஓரத்தில், ரம்புத்தான் மரங்களுக்குப் பின்னால் தகரக்கூரை வீடு. வேலியில் பலகை: 'நாகையா, நாய் நிபுணர். துரைமார்களின் நற்சாட்சி பெற்றவர்.' எந்தத் துரை, என்ன சாட்சி என்று பலகையில் இடம் போதவில்லை.

வீட்டின் பக்கவாட்டில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் மாட்டு நுரையீரலும் நொய்யரிசியும் கொதித்துக்கொண்டிருந்தன. நாகையாவின் பெண்சாதி இராஜம்மா மரக்கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுவதை நிறுத்தினால் அடி பிடிக்கும். வந்தவர்களைப் பார்க்காவிட்டால் மண்டை வெடிக்கும். இரண்டையும் ஒருசேரச் செய்தாள். சிமிட்டித் தரை முழுக்கக் கருப்பு மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தது. அந்த நெடி தொண்டையைப் பிடித்தது.

நாகையா வெளியே வந்தான். துரை விட்டுப்போன காக்கிக் கால்சட்டை. துரையின் இடுப்புக்குத் தைத்தது இவன் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

"வாங்க ஐயா, வாங்கம்மா. கோலாலம்பூரா? ரயில்வேயா? முகத்துலயே எழுதியிருக்கே."

"நெடி பலமா இருக்கே?" என்றார் கிரிகரி, உள்ளே வராமல்.

"சுத்தம் ஐயா. துரை காலத்துலேருந்து பழக்கம்."

"தினமும் ஊத்துவியா?"

"தினமும்."

"நேத்து ஊத்தினியா?"

நாகையா ஒரு கணம் அவரைப் பார்த்தான். எப்படிப்பட்ட ஆள் வந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. "நேத்து மழைங்க ஐயா."

தாய் நாய் கம்பிக்குப் பின்னால் படுத்திருந்தது. வெள்ளை உடம்பு, கபிலக் காது. "பேரு லேடி. தமிழ் தெரியாதுங்க. துரை வீட்டுல வளந்தது. இங்கிலீஷ் மட்டுந்தான்" என்றான் நாகையா பெருமையாக.

கிரிகரி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மகளும் மனைவியும் பார்க்க, "லேடி, சிட் டவுன் ப்ளீஸ்" என்றார்.

லேடி எழுந்து, திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்தது.

"ப்ளீஸ் சொன்னா அது ஆள மதிக்காதுங்க ஐயா" என்றான் நாகையா பணிவாக.

இராஜம்மா தகரத்துக்குள் முகத்தைக் குனிந்துகொண்டாள். அதோடு கிரிகரியின் குரல் ஆபீஸ் குரலாகிவிட்டது. "குட்டியக் காட்டு."

நாகையா வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிரம்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய குட்டி. உருண்டைத் தொந்தி, பளபளவென்று மயிர். கிரிகரி முழங்காலிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, காதைத் திருப்பினார், வாயைப் பிளந்தார், வாலைத் தூக்கினார். மாப்பிள்ளை வீட்டார் கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"சீக்கு வந்ததா?"

"இதுக்கா? தும்மல்கூடப் போட்டதில்லீங்க."

"மத்ததுக்கு?"

"எதுக்கும் இல்ல ஐயா. யாரு சொன்னா?"

"கேள்விக்குக் கேள்வி பதில் இல்ல."

நாகையா சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினான். கிள்ளான் ஸ்டூடியோவில் எடுத்தது. சமுக்காளத்தின் மேல் லேடியும் வரிசையாக ஆறு குட்டிகளும். "பாருங்க. ஒண்ணாவது நோஞ்சானாத் தெரியுதா? படம் பொய் சொல்லுமா?"

கிரிகரி கண்ணாடியைப் படத்தின் மேல் ஓட்டினார். "ஆறு. இங்க ஒண்ணு. மிச்சம்?"

"வித்துப்போச்சு. போட்டி போட்டு வாங்கிட்டுப் போனாங்க."

"அப்ப அது?" என்றாள் சூசன்.

அவள் பேசியதே எல்லாருக்கும் திடுக்கென்றது. கம்பிக்கூண்டின் மூலையில், சாக்குக்குள்ளிருந்து ஒரு மூஞ்சி நீட்டிக்கொண்டிருந்தது. அதே கபிலக் காது. மூக்கு மட்டும் காய்ந்த சேறு போல வெடித்திருந்தது. எழுந்து வந்தது. வரும்போது இடது முன்னங்கால் ஒவ்வோர் எட்டுக்கும் தானாகத் துடித்தது. கம்பியருகில் நின்ற பிறகும் துடித்தது.

"அது ஒண்ணுமில்லீங்க. விழுந்து அடிபட்டுச்சு" என்றான் நாகையா.

"அடிபட்டா மூக்கு வெடிக்குமா?" என்றார் கிரிகரி.

"மூக்கு மேல விழுந்துச்சு."

"கால் எதுக்குத் துடிக்குது?"

"மூக்கோட காலும்..."

"அடப் போய்யா!" இராஜம்மா மரக்கட்டையைத் தகரத்தின் விளிம்பில் தட்டினாள். "எத்தன நாளைக்கு இந்தக் கூத்து? நாலு குட்டி வாழ மரத்தடியிலதான கெடக்கு. ஒண்ணொண்ணா நாந்தானே பொதச்சேன். இந்தக் கையால பாலப் புகட்டி, பீளையத் தொடச்சு... இது ஒண்ணுதான் கரையேறிச்சு. அந்தச் சிவப்பு நாடாவுக்கு மட்டும் எப்பிடியோ ஒட்டல. அதான் நெசம். வாங்குனா வாங்குங்க, போனாப் போங்க."

"ஒன்ன யாருடி கேட்டா?"

"யாரும் கேக்காமயா மண்வெட்டியக் குடுத்த?"

கிரிகரி எழுந்து நின்றார். அவருடைய வாழ்வில் அப்படி ஒரு நிமிஷம் அடிக்கடி வருவதில்லை. சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, படத்தை நாகையாவின் மூக்குக்கு நேராக ஆட்டினார்.

"பாத்தியா? பாத்தியா? நோய் வர்றதுக்கு முன்னால எடுத்த படத்தக் காட்டி விக்கப் பாக்குற! இது என்ன நாணயம்? வாங்குறவன் எதை நம்பி வாங்குவான்? வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சதுக்கப்புறம் தெரிஞ்சா, அவன் மனசு என்ன பாடுபடும்? இதுக்குப் பேரு வியாபாரமா? இதுக்குப் பேரு மோசடி!"

நல்ல பேச்சு. சரக்கு ஆபீசில் இதைவிடச் சின்னப் பேச்சுக்கெல்லாம் ஆட்கள் நடுங்கியிருக்கிறார்கள். இங்கே யாரும் நடுங்கவில்லை. வெரோனிகா கீழே தரையைப் பார்த்தாள். நாகையா எதையோ எதிர்பார்த்து அவரையே பார்த்தான், இன்னும் வருமோ என்று.

"ரவாங்குக்கு அனுப்பின படம் எப்ப எடுத்ததுப்பா?" என்றாள் சூசன்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

கிரிகரியின் கை அந்தரத்தில் நின்றது. "அது வேற."

"எப்பிடி வேற?"

"மனுஷ விஷயம் வேற, நாய் விஷயம் வேற. ஒன் நல்லதுக்குத்தான்..."

"இவரும் நாய் நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பாரு."

நாகையாவுக்கு விஷயம் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதும் என்று, அவன் சூசன் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தான். உடனே பார்வையை எடுத்துக்கொண்டான். "ஐயா, நான் வேணா உள்ள போயிட்டு..."

"நில்லுய்யா" என்றாள் சூசன். "இது பிழைக்குமா?"

"எதும்மா?"

"இந்தக் கால் துடிக்கிறது."

நாகையா தலையைச் சொறிந்தான். எதிரில் கண்ணாடியும் கையுமாக ஒருவர் நின்றதால் பொய் சொல்ல வசதியில்லை; அல்லது அன்றைக்கு வைத்திருந்த பொய் தீர்ந்துபோயிருக்கலாம். "சீக்குப் பட்டுப் பிழைச்சதுக்கு அது திரும்ப வந்து நான் பாத்ததில்லம்மா. சோறு நல்லாத் திங்குது. கால் நிக்குமான்னு கேட்டா, சத்தியம் பண்ண மாட்டேன். ஆயுசுக்கும் துடிக்கலாம். நாடா கட்டினது இருக்கே, அதுக்கு இனிமே வராதுன்னும் சத்தியம் பண்ண மாட்டேன்."

"இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா யாரு வாங்குறாங்க? எங்க கொறை இருக்குன்னுதான வந்து நோண்டுறாங்க" என்றான். கிரிகரியைப் பார்க்காமல்தான் சொன்னான்.

சூசன் கம்பிக் கதவின் கொக்கியை எடுத்தாள். குட்டி வெளியே வந்து அவள் செருப்பை முகர்ந்தது. பிறகு அந்தத் துடிக்கிற காலைத் தூக்கிச் செருப்பின் மேல் வைத்துக்கொண்டு நின்றது. அங்கேயும் துடித்தது.

கிரிகரி கடைசியாக ஒரு முயற்சி செய்தார். குரலில் ஆபீஸ் பாதிதான் இருந்தது. "புனிதருக்கு நேர்ந்துகிட்ட காரியம். பழுது இல்லாததாக் குடுக்கறதுதான முறை?"

"நேர்ந்துகிட்டது நான்" என்றாள் வெரோனிகா. "கணக்கு எனக்கும் அவருக்கும். நீங்க நடுவுல வராதீங்க."

கிரிகரி வாழை மரங்கள் பக்கம் நடந்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நாலு இடத்தில் மண் மேடாக இருந்தது, அதன் மேல் சுண்ணாம்பு தூவியிருந்தது. பூதக்கண்ணாடியைக் கையில் வைத்தபடியே நின்றார், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல. இராஜம்மா தகரத்தை இறக்கி, தட்டுகளில் கஞ்சியை ஊற்ற ஆரம்பித்தாள். லேடி எழுந்து வந்தது. மழைக்குப் பிந்திய வெயில் தகரக்கூரையில் பட்டு, கண்ணைக் கூச வைத்தது.

திரும்பி வந்தபோது யாரையும் பார்க்காமல் பேசினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம அந்த ரவாங் ஆளுங்கள வீட்டுக்கு வரச் சொல்றேன். படத்தத் திருப்பிக் கொண்டாரச் சொல்றேன். வந்து நேர்ல பாக்கட்டும்."

சூசன் குனிந்து குட்டியின் காதைத் தடவினாள்.

"போயிட்டாப் போகட்டும்" என்றார், யாரோ மறுத்துப் பேசிய மாதிரி.

"வந்தா, நானும் பாக்கணும் அவர. நல்லா வெளிச்சத்துல" என்றாள் சூசன்.

வெரோனிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கிரிகரி சந்தேகப்பட்டார்.

"சரிய்யா, இதுக்கு என்ன வெல?" என்றார் நாகையாவிடம், துடிக்கிற காலைக் காட்டி.

நாகையாவுக்கு இது பழகிய நிலம். மூச்சு திரும்பி வந்தது. "ரெண்டுக்கும் ஒரே வெலதான் ஐயா. பதினஞ்சு வெள்ளி. தாய் ஒண்ணுதான, ரத்தம் ஒண்ணுதான." சொல்லிவிட்டு, பாதிக்குக் கீழே கேட்பார், எட்டில் முடிக்கலாம் என்று தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கிரிகரி மார்பை நிமிர்த்தினார். "பதினஞ்சா? நோய் பட்டதுக்கா? காலப் பாரு, மூக்கப் பாரு. இத எவன்..."

"கொறைச்சுக் கேக்காதீங்கப்பா" என்றாள் சூசன்.

திறந்த வாய் அப்படியே இருந்தது. பாய் பாலுக்கும் பேரம் பேசிய வாய், சவப்பெட்டிக்காரனிடம் தன் தகப்பனார் பெட்டிக்கே பேரம் பேசிய வாய். மகளைப் பார்த்தார். அந்த முகத்தைச் செய்தித்தாளுக்கு மேலாகவும் ஓரக்கண்ணாலும்தான் இத்தனை நாளும் பார்த்து வந்தார். இப்போது குழி குழியாக முழுசும் பார்த்தார். அவள் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கிரிகரி வாயை மூடினார். பணப்பையை எடுத்து, ஒரு பத்து வெள்ளி நோட்டையும் ஓர் ஐந்து வெள்ளி நோட்டையும் நாகையாவின் கையில் வைத்தார். சூசன் குட்டியைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு ரிக்‌ஷாவை நோக்கி நடந்தாள். வெரோனிகா தூக்குச்சட்டியோடு பின்னால் போனாள். கிரிகரி அவர்களுக்கும் பின்னால் போனார்.

நாகையா நின்ற இடத்திலேயே நின்றான். கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிற ஆளை அவன் கண்டதில்லை. இதில் ஏதோ இருக்கிறது. நோட்டை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், விரலால் சுண்டிக் காதருகில் வைத்துக் கேட்டான்.

"இராஜம்மா, இங்க வா" என்றான் குரலைத் தாழ்த்தி. "நல்ல நோட்டுதானான்னு பாரு."